எங்க எம்.டி.க்கு சாட்ஜிபிடி வேணும், சைட் கேமரா வேண்டாமாம். இது என்ன மனசுங்க?

கோவை_பிளானிங் கேட்டது:

வணக்கம்ங்க. கோயமுத்தூர்ல ஒரு கட்டுமான நிறுவனத்துல பிளானிங் பார்க்கிறேன். மில் ஷெட், காலேஜ் ஹாஸ்டல், ஆஸ்பத்திரி மாதிரி வேலைங்க. ஒரே நேரத்துல நாலஞ்சு சைட் ஓடும்.

எங்க எம்.டி. ஐயா சூப்பர்வைசரா வேலைக்குச் சேர்ந்து மேல வந்தவர். ஸ்லாப் போடுற அன்னைக்கு இன்னமும் விடியக்காலைல சைட்டுக்கு வந்துருவார். கட்டின கம்பி மேல நடந்துட்டே, "இந்த இடத்துல கவர் பிளாக் (கம்பி தரையைத் தொடாம அடியில வைக்கிற சின்னக் கட்டை) விட்டுருக்கீங்க பாரு"ன்னு காலாலேயே கண்டுபிடிப்பார். அந்த அறிவுக்கு நான் தலை வணங்கறேன், அதுல சண்டையே இல்லீங்க.

ஐயாவுக்கு ஏஐ பிடிக்காதுன்னும் சொல்ல முடியாது. கிளையன்ட்டுக்கு லெட்டர் எழுத சாட்ஜிபிடி இல்லாம அவருக்கு இப்ப முடியறதில்லை. டெண்டர் டாக்குமென்ட்டைப் போட்டு, "இதுல அபராத ஷரத்து எங்கெங்க இருக்கு"ன்னு அவரே கேட்கிறார். கூட்டத்துக்குக் கூட்டம் "நாமளும் ஏஐக்கு மாறணும்"னு பேசவும் செய்யறார். ஆனா சைட்டுக்குள்ள எது வந்தாலும் நிறுத்தி வெச்சுடறார்.

போன வருஷம் ஒரு ஹாஸ்டல் சைட்டுல கேமரா முறையை வெள்ளோட்டம் பார்த்தோம். ஹெல்மெட் மேல 360 டிகிரி கேமராவை மாட்டிக்கிட்டு ஒரு ஆள் மாடி மாடியா நடப்பார். சாஃப்ட்வேர் அந்தப் படத்தை ட்ராயிங்கோட ஒப்பிட்டு எந்த வேலை எவ்வளவு முடிஞ்சிருக்குன்னு சொல்லும். எங்ககிட்ட பிம் மாடல் (கட்டடத்தோட முழு விவரமும் இருக்கிற முப்பரிமாணக் கணினி மாடல்) எல்லாம் கிடையாது, டூ-டி ட்ராயிங்தான். விக்கிறவங்களே அதை வெச்சு ஒரு மாடல் போட்டுக்கிட்டாங்க.

முதல் ரிப்போர்ட்லயே ஒரு தப்பு. கியூரிங்குக்கு (காங்கிரீட் காயாம வலுப்பெற) ஈரச் சாக்கு சுத்தி வெச்சிருந்த தூணுங்களை "வேலை முடியலை"ன்னு காட்டிடுச்சு. ஐயா அந்தப் பக்கத்தைப் பார்த்தார். "சாக்கு எது, காங்கிரீட் எதுன்னு தெரியாத மெஷினை நம்பி நான் பில்லு போடணுமா?" அவ்வளவுதான், லேப்டாப்பை மூடிட்டார்.

அதே ரிப்போர்ட்ல அடுத்த பக்கம் இருந்துச்சுங்க. ரெண்டாவது மாடி பிளாக் வேலை (சுவர் கட்டுற வேலை) 80 சதவீதம்னு எங்க டி.பி.ஆர். (சைட்லேர்ந்து வர்ற தினசரி முன்னேற்ற அறிக்கை) சொல்லிச்சு, கேமரா 65ன்னு சொல்லிச்சு. நான் டேப் எடுத்துட்டுப் போய் அளந்து பார்த்தேன், கேமரா சொன்னதுதான் சரி. அந்தப் பக்கத்தை ஐயா திறக்கவே இல்லை. நானா எடுத்துச் சொன்னப்பவும், "சரி சரி, பார்ப்போம்"னு பேச்சை மாத்திட்டார்.

இதுக்கு நேர் எதிர் அவர் பையன். வெளிநாட்டுல எம்.பி.ஏ. முடிச்சுட்டு வந்திருக்கார். அவருக்கு எல்லாமே ஏஐ. ஷெட்யூல், கொள்முதல், சேஃப்டி, மூணையும் அடுத்த மாசமே மாத்தணும்கிறார். சைட்டுல எம்-சாண்ட் லோடு வந்து நிக்கறப்ப யார் கையெழுத்துப் போடறாங்கன்னு கேட்டா தெரியாது.

நான் நடுவுல நிக்கறேன். ஐயாவோட தயக்கம் வயசா, ஈகோவா, பயமா? உங்க கம்பெனில மேல இருக்கிறவங்களை எப்படிச் சம்மதிக்க வெச்சீங்க? டெமோ, பிரசன்டேஷன் எல்லாம் பண்ணிப் பார்த்தாச்சு. காபி குடிச்சுட்டு "நல்லாருக்கு"ன்னு சொல்லிட்டுப் போயிடறார்.

சென்னை_பிம்:

வயசுதான் ப்ரோ. வேற ஒண்ணும் இல்ல. ஆட்டோகேட் வந்தப்ப ட்ராயிங் போர்டை விடமாட்டேன்னாங்க, பிம் வந்தப்ப ஆட்டோகேட் போதும்னாங்க. பையன் கைக்கு கம்பெனி வர்ற வரைக்கும் வெயிட் பண்ணுங்க. இல்ல வேற கம்பெனி பாருங்க. ரெண்டாவது பெட்டர்.

திருச்சி_பழைய_கான்ட்ராக்டர்:

சென்னைத் தம்பி சொல்றது எனக்குச் சரியாப் படலை. சாட்ஜிபிடி பழகுறதுக்கு அந்த மனுஷனுக்கு வயசு தடையா இருந்துச்சா? இல்லையே.

கோவைத் தம்பி, உங்க எம்.டி. உட்கார்ந்திருக்கிற நாற்காலியில நானும் ரொம்ப காலம் உட்கார்ந்தவன். இப்ப பொண்ணு பார்த்துக்குது. அந்தப் பக்கத்துல இருந்து இது எப்படித் தெரியுதுன்னு சொல்றேன். கொஞ்சம் நீளமாப் போகும்.

முதல்ல அந்த 80-65. டி.பி.ஆர்.ல இருக்கிற எண்ணை நீங்க அளவுன்னு நினைக்கிறீங்க. முதலாளிக்கு அது ஒரு பேச்சு. ஒரு சைட் இன்ஜினியர் 80ன்னு சொன்னா நான் மனசுல 70ன்னு போட்டுக்குவேன். இன்னொருத்தர் 80ன்னு சொன்னா அது 80தான். வேறொரு பையன் இருந்தான், பயந்த சுபாவம், முடிச்ச வேலையையே குறைச்சுச் சொல்லுவான், அவனுக்கு அஞ்சு கூட்டிக்குவேன். யாருக்கு எவ்வளவு கழிக்கணும்கிறது பல வருஷம் பழகித் தெரிஞ்சுக்கிட்ட கணக்கு. எந்தப் புத்தகத்துலயும் எழுதி வைக்கலை. அதுதான் என் தொழில் ரகசியம்னே வெச்சுக்கங்க. உங்க கேமரா வந்து எல்லாருக்கும் ஒரே எண்ணைக் காட்டினா, அந்தக் கணக்குக்கு மதிப்பு போயிடுது. அந்த மனுஷன் 65ஐ ஏற்கெனவே யூகிச்சு வெச்சிருந்திருக்கலாம், யார் கண்டது. ஆனா அவர் யூகிச்சதை நீங்க ஸ்கிரீன்ல போட்டு, பையன் முன்னாடி, பிராஜெக்ட் மேனேஜர் முன்னாடி காட்டினீங்கன்னா, அவருக்குத் தெரியாத ஒண்ணைச் சொல்லிக் குடுத்த மாதிரி ஆயிடுது.

அடுத்தது சனிக்கிழமை. பிளாக் வேலை லேபர் கான்ட்ராக்டருக்கு சனிக்கிழமை சனிக்கிழமை பணம் போகணும். 80ன்னு சொல்லித்தான் பணம் போயிருக்கும். இப்ப மெஷின் 65ன்னா கூடப் போன பணத்தை யார் திருப்பிக் கேட்கிறது? கேட்டா மேஸ்திரி முகம் சுருங்கும். பொங்கலுக்கு ஊருக்குப் போற செட்டு திரும்பி உங்க சைட்டுக்கு வராது, பக்கத்து சைட்டுக்குப் போயிடும். மேஸ்திரிக்குக் கொஞ்சம் முன்னாடியே பணம் விடறது ஏமாந்து போய் விடறதில்லை, ஆளைப் பிடிச்சு வைக்கிறதுக்கு விடறது. சாஃப்ட்வேர் விக்க வர்ற பையன் இதை "லீக்கேஜ்"னு சொல்வான். எனக்கு அது ஆள் பற்றாக்குறைக்கான மருந்து.

மூணாவதை எந்த முதலாளியும் வாய் விட்டுச் சொல்லமாட்டார். பதிவு. அரசு வேலை எடுத்தவங்களுக்குத் தெரியும், ஹிண்ட்ரன்ஸ் ரிஜிஸ்டர்னு ஒண்ணு உண்டு. ட்ராயிங் வரலை, இடம் காலி பண்ணித் தரலை, மழைன்னு எதனால வேலை நின்னுச்சோ அதைத் தேதி போட்டு எழுதி, ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போடணும். கால நீட்டிப்பு கேட்கிறப்ப அதுதான் ஆதாரம். நிஜத்துல என்ன நடக்கும்? தாமதத்துல பாதி அவங்களால, பாதி நம்மளால. உட்கார்ந்து பேசி ஒரு தேதிக்கு வருவோம். அபராதம் இல்லாம முடியும். தினமும் கேமரா ஓடினா, கிளையன்ட் ட்ராயிங் தராத நாளும் அதுல இருக்கும், நம்ம ஆளுங்க வராத நாளும் இருக்கும். கேஸ் ஆர்பிட்ரேஷனுக்கு (நடுவர் விசாரணைக்கு) போச்சுன்னா எதிர்த் தரப்பு முதல்ல கேட்கிறது அந்தப் பதிவைத்தான். நமக்குச் சாதகமா இருக்கிற பக்கத்தை மட்டும் கொடுக்க முடியாது. உங்க எம்.டி. சட்டம் படிச்சிருக்க மாட்டார், ஆனா இது அவருக்கு மூக்குலேயே வாசம் வரும்.

இப்ப சாட்ஜிபிடி ஏன் பிடிக்குதுன்னு புரியுதா? லெட்டர் எழுதுறப்ப அது அவருக்குக் கீழ வேலை செய்யுது. பிடிக்கலைன்னா அடிச்சுத் திருத்தலாம், தப்பா எழுதினா வேற யாருக்கும் தெரியாது. கேமரா அவருக்கு மேல வந்து உட்கார்ந்த தணிக்கைக்காரர். ரெண்டுக்கும் ஒரே பேரை வெச்சு நீங்க பேசறீங்க.

கையெழுத்து விஷயமும் இருக்கு. என்கிட்ட ஒருத்தர் காங்கிரீட்டுக்குள்ள வைக்கிற சென்சார் கொண்டுவந்தார். அதுக்கும் ஏஐன்னுதான் பேர் வெச்சிருந்தாங்க, இப்ப எதுக்குத்தான் வைக்கலை. காங்கிரீட்டோட வெப்பத்தை மணிக்கு மணி பதிஞ்சு, எவ்வளவு வலு வந்திருக்கும்னு கணக்குச் சொல்லும். சயின்ஸ் சரியானதுதான், பழைய முறைதான். ஐ.எஸ். 456ங்கிற இந்தியக் காங்கிரீட் விதிநூல் படி 4.5 மீட்டர் வரைக்கும் உள்ள ஸ்லாபுக்கு முட்டு எடுக்க 7 நாள், அதுக்கு மேல 14 நாள். பீமுன்னா 6 மீட்டர் வரை 14, தாண்டினா 21. சென்சார் சில நாள் முன்னாடியே "எடுத்துக்கலாம்"னு காட்டும். சென்ட்ரிங் சாமான் சீக்கிரம் அடுத்த மாடிக்குப் போகும், வாடகை மிச்சம், எல்லாம் லாபம்தான். அதே விதிநூல்ல வலுதான் அடிப்படை, நாள் கணக்கு சாதாரண நிலைமைக்குன்னும் போட்டிருக்கு. ஆனா ஒண்ணு தம்பி, நாள் கணக்குக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கலாம், வலுக் கணக்குக்குப் பின்னாடி ஒளிய முடியாது. "சென்சார் சொன்னதால முட்டு எடுக்கலாம்"னு எழுதிக் கையெழுத்துப் போட அன்னைக்கு ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரும் கிடைக்கலை. நான் மட்டும் ஏன் போடணும்?

2014 ஜூன் 28, சென்னை மவுலிவாக்கம் நினைவிருக்கும். கட்டிட்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிஞ்சு 61 பேர் போனாங்க. அன்னைக்கு ராத்திரி தமிழ்நாட்டுல எத்தனை கான்ட்ராக்டர் தூங்கியிருப்பான்னு நினைக்கிறீங்க? கைதானது உரிமையாளரும் இன்ஜினியர்களும். நாளைக்கு ஒண்ணு நடந்தா சாஃப்ட்வேரைக் கொண்டுபோய் ஸ்டேஷன்ல உட்கார வைக்க மாட்டாங்க. சைட் எடுத்து நடத்துறவனோட மனசைப் பத்திப் பேசணும்னா இங்கிருந்துதான் பேசணும். ஈகோ எல்லாம் அதுக்கு அப்புறம்.

பணத்தையும் சொல்லிடறேன். பில்லுல 5 சதவீதம் பிடிச்சு வெச்சுப்பாங்க, மிச்சமும் சொன்ன தேதிக்கு வராது. சாஃப்ட்வேர்க்காரருக்கு மட்டும் மாசம் பிறந்தா சந்தா போகணும். வரவு தாறுமாறா இருக்கிறவனுக்கு நிரந்தரச் செலவுன்னாலே அலர்ஜி.

என்ன செய்யலாம்னு கேட்டீங்க. கேமராவை ஓரமா வையுங்க. கம்பியில இருந்து ஆரம்பிங்க. லாரியில கம்பி இறங்குறப்ப கட்டோட முனையைப் போட்டோ எடுத்தா எத்தனை கம்பின்னு எண்ணிக் குடுக்கிற ஆப் இருக்கு. 12 எம்.எம். கம்பிக்கு விட்டத்தை வர்க்கமாக்கி 162ஆல வகுத்தா மீட்டருக்கு 0.89 கிலோ, 12 மீட்டர் கம்பி ஒண்ணு 10.67 கிலோ. எண்ணிக்கையைப் பெருக்கி எடை மேடைச் சீட்டோட வெச்சுப் பார்க்கட்டும். சந்தேகம் வந்தா அந்த இடத்துலயே கையால எண்ணிக்கலாம். இதுல அவர் மேல யாரும் கேள்வி கேட்கலை, அவர்தான் சப்ளையரைக் கேள்வி கேட்கிறார். எங்க பொண்ணு எங்கிட்ட ஆரம்பிச்சது அங்கதான்.

சிங்கை_சேஃப்டி:

திருச்சி ஐயா சொன்னதுல பதிவு பத்தின இடம் நூத்துக்கு நூறு. நான் சிங்கப்பூர்ல சேஃப்டி கோ-ஆர்டினேட்டர். இங்க முதலாளி மனசு மாற வேண்டிய அவசியமே இல்லாமப் போச்சு, சட்டமே வந்துடுச்சு. 2024 ஜூன் 1லேர்ந்து 50 லட்சம் சிங்கப்பூர் வெள்ளியும் (டாலரும்) அதுக்கு மேலயும் ஒப்பந்தம் உள்ள கட்டுமானத் தளம்னா வீடியோ கண்காணிப்பு கட்டாயம். அதுக்கு முன்னாடி 2022 அக்டோபர்ல, தலைமை நிர்வாகிகளும் இயக்குநர்களும் பாதுகாப்புக்கு என்னென்ன செய்யணும்னு தனியா ஒரு நடைமுறை விதித்தொகுப்பே கொண்டுவந்தாங்க. 'எனக்குத் தெரியாது, சைட் மேனேஜரைக் கேளுங்க'ன்னு முதலாளி சொல்றது கஷ்டமாயிடுச்சு.

எங்க பாஸ் கேமரா வேண்டாம்னு ரொம்ப நாள் இழுத்தவர். சட்டம் வந்ததும் ஒரு வாரத்துல மாட்டினார், முகம் சுளிக்கவே இல்லை. ஏன்னு கேட்டா, "எல்லாரும் மாட்டறாங்கல்ல"ன்னார். கேமரா அவருக்குப் பிரச்சினையா இருந்ததே இல்லை. நாம மட்டும் மாட்டி, நம்ம ஓட்டை மட்டும் ஊருக்குத் தெரியுமேங்கிறதுதான் பயம்.

கதை அங்க முடியலை. சட்டம் கேட்கிறது கேமராவை. அதுக்கு மேல ஏஐ வெச்சு, ஹெல்மெட் இல்லாதவங்களைக் கண்டுபிடிச்சு போனுக்கு அலர்ட் அனுப்பறது நாங்களா சேர்த்துக்கிட்டது. முதல் வாரம் பாஸ் போன் ஓயாம அடிச்சுது. வெயிலுக்குத் தலையில துணி சுத்தி அதுக்கு மேல ஹெல்மெட் போட்ட ஆளையும் பிடிச்சுது, சாப்பாட்டு இடத்துல ஹெல்மெட்டைக் கழட்டி வெச்சவங்களையும் பிடிச்சுது. ரெண்டாவது வாரம் போனை சைலன்ட்ல போட்டுட்டார். மூணாவது வாரம் என்னைத் தனியா கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "அலர்ட் வந்து நான் பார்க்காம விட்டது எங்கயாவது பதிவாகுமா?" ஆகும்னு சொன்னேன். முகத்துல ஈயாடலை. அலர்ட்டே இல்லாதப்ப விபத்து நடந்தா கவனக்குறைவு, அலர்ட் வந்தும் நடந்தா தெரிஞ்சே விட்டதுன்னு ஆயிடும்ல.

அப்புறம் அலர்ட்டை எனக்கு மாத்திட்டோம். உயரத்துல வேலை, கிரேன் தூக்குற இடத்துக்கு அடியில ஆள் நடமாட்டம், இந்த ரெண்டு மட்டும் அவருக்குப் போகும். இப்ப பார்க்கிறார், திட்டவும் செய்யறார். சிஸ்டம் உயிரோட இருக்கு.

ஆய்வு_மாணவி:

நான் கட்டுமான மேலாண்மையில் ஆய்வு செய்கிறேன். மேலாளர்கள் ஏஐ-யை ஏன் ஏற்கிறார்கள், ஏன் ஒதுக்குகிறார்கள் என்பதுதான் என் தலைப்பு. இந்த இழையை என் கைடுக்கு அனுப்பலாம் போல இருக்கிறது.

சாக்குத் தூண் சம்பவத்துக்கு உளவியலில் ஒரு சோதனையே உண்டு. 2015-ல் டீட்வோர்ஸ்ட், சிம்மன்ஸ், மாஸி மூன்று பேரும் செய்தது. ஒரு கணிப்பு முறை மனிதரைவிடக் குறைவாகவே தவறு செய்கிறது. ஆனாலும் அது தவறுவதை ஒருமுறை கண்ணால் பார்த்தவர்கள் அதைக் கைவிட்டு மனிதக் கணிப்புக்கே போகிறார்கள். மனிதர் தவறினால் 'அடுத்த தடவை சரியாகச் செய்வார்' என்று விடுகிறோம். மெஷினுக்கு அந்தச் சலுகை கிடையாது. உங்கள் டி.பி.ஆர். வாராவாரம் தவறியும் வேலையில் இருக்கிறது, கேமரா ஒரே நாளில் வேலை இழந்தது.

அதே மூவரின் அடுத்த ஆய்வு உங்களுக்கு இன்னும் உதவும். கணிப்பை முழுதாக ஏற்கச் சொன்னால் மறுத்தவர்கள், அதைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளலாம் என்றதும் ஏற்றார்கள். எவ்வளவு திருத்த விடுகிறோம் என்பதுகூடப் பெரிதாக முக்கியமில்லை. மிகச் சிறிய உரிமையே போதுமாக இருந்தது. திருச்சி ஐயா 'அடிச்சுத் திருத்தலாம்' என்று சொன்னது இதைத்தான்.

வயசு என்று சொன்ன சென்னை அன்பருக்கு: 2019-ல் லாக், மின்சன், மூர் வெளியிட்ட ஆய்வில் சாதாரண மக்கள் கணினியின் யோசனையை மனிதரின் யோசனையைவிட அதிகமாகவே நம்பினார்கள். அதை ஒதுக்கியவர்கள் துறை நிபுணர்கள். ஒதுக்கியதால் அவர்கள் கணிப்பின் துல்லியம் குறைந்ததும் அதில் தெரிந்தது. எம்.டி. தயங்குவதும் பையன் துள்ளுவதும் இப்படிப் பார்த்தால் ஒரே படத்தின் இரண்டு பக்கம். ஒருவருக்குத் தளம் தெரியும், ஒருவருக்குத் தெரியாது.

துள்ளலுக்கும் விலை உண்டு. அமெரிக்காவில் கட்டெரா என்ற நிறுவனம் 2015-ல் தொடங்கி, தொழில்நுட்பத்தால் கட்டுமானத்தையே புரட்டிப் போடுவோம் என்றது. ஜப்பானிய முதலீட்டு நிறுவனமான சாஃப்ட்பேங்க் மட்டுமே ஏறத்தாழ 200 கோடி டாலர் போட்டது. 2021 ஜூனில் திவால் மனு. அது ஏஐ நிறுவனம் என்று சொல்ல முடியாது, ஆனால் 'எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுவோம்' என்ற தலைமை மனநிலைக்கு அதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது. சின்னவரிடம் சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்று. 'அனுபவமே போதும்' என்பவரிடம், திட்டச் செலவுகளை ஆராய்ந்த ஃப்ளூப்யெர்க் குழுவின் 2002 கட்டுரையைக் காட்டலாம். 20 நாடுகளில் 258 போக்குவரத்துத் திட்டங்கள், 10-ல் 9 செலவு மதிப்பீட்டைத் தாண்டின. ரயில் திட்டங்களில் சராசரியாக 44.7 சதவீதம் கூடுதல். அந்த மதிப்பீடுகளைப் போட்டவர்கள் எல்லாம் அனுபவசாலிகள்தான்.

மதுரை_சைட்_இன்ஜினியர்:

எல்லாரும் எம்.டி. மனசையே ஆராய்ச்சி பண்றீங்க. எங்க மனசையும் கொஞ்சம் பாருங்க. அந்த 80 யார் போட்டதுன்னு நினைக்கிறீங்க? என்னை மாதிரி ஒரு சைட் இன்ஜினியர் போட்டதுதான். வெள்ளிக்கிழமை ராத்திரி பிராஜெக்ட் மேனேஜர் போன் பண்ணி "இந்த வாரம் 80க்குக் குறையக் கூடாதும்மா, கிளையன்ட் மீட்டிங் இருக்கு"ன்னு சொன்னா நான் 65ன்னு போடுவேனா? மெஷின் 65ன்னு காட்டினா திட்டு வாங்கப்போறது யாரு, போன் பண்ணினவரா? போன் பண்ணினதுக்கு ரெக்கார்டு கிடையாது, நான் எழுதினதுக்கு இருக்கு.

திருச்சி ஐயா மேல மரியாதை உண்டு. ஆனா "மனசுல பத்து கழிப்பேன்"கிறதை ரகசியத் திறமை மாதிரி சொல்றது எனக்குப் பிடிக்கலை. பத்து கழிப்பார்னு தெரிஞ்சுதான் நாங்க பத்து கூட்டிப் போடறோம். இதை யாராவது ஒருத்தர் மேலேர்ந்து நிறுத்தணும். "உண்மையான எண்ணைப் போட்டதுக்காக யாரையும் திட்ட மாட்டேன்"னு எம்.டி. எல்லார் முன்னாடியும் ஒரு தடவை சொல்லட்டும், கேமரா இல்லாமலே பாதி சரியாகும். அதைச் சொல்லத்தான் அவங்களுக்கு வாய் வராது. ஏன்னா கிளையன்ட்டுக்கு அவங்க சொல்ற எண்ணும் அதே 80தான்.

கோவை_பிளானிங்:

மதுரைக்கார அம்மணி சொன்னது சுருக்குனு இருந்துச்சுங்க. எங்க சைட்டுலயும் அப்படித்தான் நடக்குது.

ரெண்டு முடிவு எடுத்திருக்கேன். ஒண்ணு, கேமரா ரிப்போர்ட் இனி எடுத்தா அதை வாட்ஸ்ஆப் குரூப்புல போடப்போறதில்லை. ஐயா கைக்கு மட்டும் தாள்ல பிரின்ட் எடுத்துக் குடுக்கப்போறேன், பக்கத்துலயே ஒரு காலிக் கட்டம் விட்டு. மெஷின் எண்ணு ஒரு கட்டம், ஐயா எண்ணு ஒரு கட்டம். அவர் பேனால எழுதறதுதான் கடைசி எண்ணு. மாணவி சொன்ன "திருத்துற உரிமை"யை இப்படித்தான் புரிஞ்சுக்கிட்டேன், சரிதானுங்களா?

ரெண்டு, கம்பி எண்ணிக்கை. நேத்து சாயங்காலம் ஒரு லோடு வந்துச்சு, போன்ல ட்ரையல் பார்த்தேன். 16 எம்.எம். கட்டுல ஒழுங்கா எண்ணிடுச்சு. 8 எம்.எம். கட்டுல தடுமாறுது, முனை ஒண்ணு உள்ள ஒண்ணு வெளியன்னு இருந்ததால. ஐயா தூரத்துல நின்னு பார்த்துட்டு இருந்தார். கிட்ட வந்து "என்னத்தைப் போட்டோ எடுக்கறே?"ன்னு கேட்டார். சொன்னேன். "எட்டு எம்.எம்.ல தப்பா சொல்லுமே"ன்னார், நான் சொல்றதுக்கு முன்னாடியே. எப்படித் தெரியும்னு கேட்கலை.

பையன் விஷயம் அப்படியே நிக்குது. அதுக்கு யாராவது வழி சொல்லுங்க.

ஆய்வு_மாணவி:

காலிக் கட்டம் நல்ல யோசனை. ஆனால் இரண்டு எண்ணையும் அழிக்காமல் சேர்த்து வையுங்கள். சில மாதம் கழித்து அளந்த வேலையைப் பதியும் அளவு புத்தகத்தோடு ஒப்பிட்டால் எந்த வகை வேலையில் யார் கணக்கு நெருக்கம் என்று தெரியும். பூச்சு வேலையில் ஐயா ஜெயிக்கலாம், பிளாக் வேலையில் கேமரா ஜெயிக்கலாம். அதை அவரே பார்த்துச் சொல்லட்டும், நீங்கள் சொல்லாதீர்கள்.

திருச்சி_பழைய_கான்ட்ராக்டர்:

மதுரைப் பொண்ணு கேட்டது நியாயம். கிளையன்ட்டுக்கு 80ன்னு சொல்லிட்டு இன்ஜினியரை 65 போடச் சொல்ல முடியாதுதான். அதுக்கு என்கிட்ட நல்ல பதில் இல்லை. கிளையன்ட்டும் நாம சொல்றதுல பத்து கழிச்சுத்தான் பணம் விடறான்னு மட்டும் சொல்லி வைக்கிறேன்.

பையனுக்கு: ஒரு சைட்டோட சனிக்கிழமைப் பட்டுவாடாவை மூணு மாசம் அவர் கையில குடுக்கச் சொல்லுங்க ஐயாகிட்ட. மேஸ்திரிகிட்ட அவரே பேசி, அவரே பணம் எண்ணிக் குடுக்கட்டும். அதுக்கு அப்புறமும் ஏஐ வேணும்னு கேட்டார்னா, எது வேணும்னு சரியா கேட்பார்.

8 எம்.எம். கட்டை இறக்கினதும் ஒரு பக்கம் முனையைத் தட்டிச் சமமாக்கிட்டு, நிழல் விழாம நேரா நின்னு எடுங்க. முனையில சுண்ணாம்பு அடிச்சுக்கிட்டா இன்னும் சுலபம். சுருளா (காயில்) வந்ததைப் பிரிச்சு நிமிர்த்தின கம்பின்னா எண்ணவே வேண்டாம், எடையை மட்டும் பாருங்க.